அந்த அறிக்கையில் என்ன இல்லை என்று பாருங்கள்

கடிதத்தின் சுருக்கம்

எழுதியவர் 36 வயதுப் பெண். மணமுறிவு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதன்பின் யாருடனும் உறவில் இருந்ததில்லை. சில மாதங்களாக 41 வயதுள்ள ஒருவருடன் பழகி வருகிறார். அவருக்கு இதற்குமுன் இரண்டு உறவுகள் இருந்தன, கடைசி உறவு முடிந்து ஓராண்டு ஆகிறது. பரிசோதனைக்குப் பிறகே நெருங்குவது என்று இருவரும் பேசி வைத்திருந்தும், மூன்று வாரங்களுக்கு முன் ஒருமுறை ஆணுறையின்றி உறவு நிகழ்ந்துவிட்டது. கருத்தடை மாத்திரையை ஒழுங்காக எடுத்து வருவதால் கர்ப்பம் பற்றிய கவலை இவருக்கு இல்லை. ஐந்தாம் நாள், விரல் நுனியில் இரத்தம் எடுத்துச் செய்யும் துரித எச்.ஐ.வி. பரிசோதனையைச் செய்துகொண்டார், தொற்று இல்லை என்று வந்தது. கூடவே ஒரு முன்னெச்சரிக்கையாக, வீட்டில் மீந்திருந்த ஆன்டிபயாடிக் மாத்திரைகளை மூன்று நாள் விழுங்கியிருக்கிறார்.

நண்பரோ, எட்டு மாதங்களுக்கு முன் எடுத்த முழு உடல் பரிசோதனை அறிக்கையைப் படம் பிடித்து அனுப்பி, “எல்லாம் நார்மல், நான் சுத்தமானவன்; ஒன்றரை ஆண்டுக்கு முன் இரத்த தானம் செய்தபோதும் எதுவும் சொல்லவில்லை” என்கிறார். அவருக்கு உதட்டோரத்தில் அவ்வப்போது கொப்புளம் வரும். அது உடல் சூட்டினால் வருவது என்று இருவரும் எண்ணியிருக்கிறார்கள். அறிக்கையை நம்பலாமா, அவருக்கு வேறென்ன சோதனை தேவை, கேட்டால் சந்தேகப்படுவதாக ஆகாதா, ஆணுறை எத்தனை நாளுக்கு என்பவை இவரது கேள்விகள். கடைசியாக ஒரு வரி: சிறுநீர்த் துவாரத்துக்குள் குச்சி விட்டுச் சோதிப்பார்கள் என்று யாரோ சொன்னதால் நண்பர் வரத் தயங்குகிறார்.

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

என்றைக்கு என்ன நடந்தது, என்ன சோதனை, என்ன மாத்திரை என்று ஒன்றையும் விடாமல் எழுதியிருக்கிறீர்கள். மருத்துவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. என்னிடம் வருகிறவர்களில் பலர் அசதி, தலைவலி என்று எதையோ பேசி முடித்து, எழுந்து, கதவுப்பிடியில் கை வைத்த பிறகுதான் “இன்னொரு விஷயம் டாக்டர்” என்று வந்த காரியத்தை ஆரம்பிப்பார்கள்.

முதலில் உங்கள் பயத்தை அதன் சரியான அளவுக்குக் கொண்டு வருவோம். கடிதம் முழுக்க எச்.ஐ.வி.யைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். எச்.ஐ.வி. இருந்தும் சிகிச்சை எடுக்காத ஓர் ஆணுடன் ஆணுறையின்றி ஒருமுறை யோனிவழி உறவு கொண்டால், பெண்ணுக்குத் தொற்று ஏற்படும் வாய்ப்பு சராசரியாக 10,000-இல் 8 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். புண்ணோ வேறு பால்வினைத் தொற்றோ சேர்ந்திருந்தால் அது கூடும். உங்கள் நண்பருக்கு எச்.ஐ.வி. இருப்பதாக எண்ண எந்தக் காரணமும் கடிதத்தில் இல்லை. ஆனால் நீங்கள் பெயர்கூடக் குறிப்பிடாத கிளமிடியாவும் கொனோரியாவும் இதைவிடப் பல மடங்கு எளிதாகப் பரவுபவை. கிளமிடியா, கொனோரியா, சிஃபிலிஸ், டிரைகோமோனியாசிஸ் என்ற நான்கு தொற்றுகளும் குணப்படுத்தக்கூடியவை. 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களிடம் 2020ஆம் ஆண்டில் மட்டும் இந்த நான்கும் சேர்ந்து 37.4 கோடி புதிய தொற்றுகளாகப் பரவியிருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஒரு நாளைக்குப் பத்து இலட்சத்துக்கும் மேல் என்று பொருள். இவற்றில் பெரும்பாலானவை எந்த அறிகுறியும் காட்டாமலோ, காட்டியும் கண்ணில் படாமலோ போகின்றன. ஆகவே எச்.ஐ.வி.யைப் பற்றிய பயத்தைச் சற்றுக் குறைத்துக்கொண்டு, மற்றவற்றையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

நண்பரின் அறிக்கையைப் படிக்கும் முறை

“முழு உடல் பரிசோதனை” என்ற பெயரைக் கேட்டதும், உடலில் உள்ள எல்லாவற்றையும் தேடிப் பார்த்துவிட்டார்கள் என்று தோன்றுவது இயல்புதான். அத்தகைய அறிக்கையில் வழக்கமாக இருப்பவை இரத்த அணுக்களின் எண்ணிக்கை, சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றின் அளவுகள், சாதாரணச் சிறுநீர்ச் சோதனை ஆகியவையே. பால்வினைத் தொற்று எதையும் இவை தேடுவதில்லை. எந்த ஆய்வகமும் கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை தரும். கிளமிடியா இருக்கிறதா என்று கேட்டு, அதற்குரிய மாதிரியைக் கொடுத்தால்தான் கிளமிடியாவைப் பற்றிப் பதில் வரும். கேட்காதபோது வருகிற “நார்மல்” என்ற சொல் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. எனவே அந்த அறிக்கையைக் கையில் எடுத்து, அதில் என்ன இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, என்ன இல்லை என்று ஒருமுறை பாருங்கள். எச்.ஐ.வி., சிஃபிலிஸுக்கான வி.டி.ஆர்.எல். அல்லது ஆர்.பி.ஆர்., கல்லீரலைத் தாக்கும் ஹெப்பாட்டைட்டிஸ் பி வைரஸுக்கான மேற்பரப்பு ஆன்டிஜென் (கிருமியின் மேலிருக்கும் புரதம்), கிளமிடியா, கொனோரியா ஆகிய பெயர்கள் இல்லையென்றால், உங்கள் கேள்வியைப் பொறுத்தவரை அது வெற்றுத்தாள்.

இரத்த தானம் பற்றிய நம்பிக்கையில் பாதி உண்மை உண்டு. தானமாகப் பெறும் இரத்தத்தில் எச்.ஐ.வி., ஹெப்பாட்டைட்டிஸ் பி, சி, சிஃபிலிஸ் ஆகியவற்றை இரத்த வங்கிகள் சோதிக்கின்றன. கிளமிடியா, கொனோரியா, கொப்புளங்களை உண்டாக்கும் ஹெர்ப்பீஸ் வைரஸ், கருப்பை வாய்ப் புற்றுக்கு வழிவகுக்கக்கூடிய எச்.பி.வி. வைரஸ் ஆகியவற்றைத் தேடுவதில்லை. மேலும் அவர் தானம் செய்தது ஒன்றரை ஆண்டுக்கு முன். கடைசி உறவு முடிந்தது ஓராண்டுக்கு முன். இடையில் உள்ள ஆறு மாதங்களை அந்த மௌனம் எப்படி மறைக்கும்? இதையொட்டி ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: காசில்லாமல் சோதனை ஆகிவிடும் என்று எண்ணி யாரும் இரத்த தானம் செய்யப் போகக் கூடாது. தொற்று மிகப் புதிதாக இருந்து சோதனையில் தப்பிவிட்டால், அந்த இரத்தம் நேராக ஒரு நோயாளியின் உடலுக்குள் போகும்.

“நான் சுத்தமானவன்” என்ற சொல்லைப் பற்றியும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பழைய பேச்சுவழக்கில் இந்நோய்களைப் “பெண் சீக்கு” என்று சொல்வார்கள். ஆணும் பெண்ணும் ஒருவருக்கொருவர் தருவதைப் பெண்ணின் தலையில் கட்டிய பெயர் அது. “சுத்தம்” என்ற சொல்லும் அதே வேலையை நாகரிகமாகச் செய்கிறது. தொற்று உள்ளவர் அழுக்கானவர் என்ற எண்ணம் இருக்கும்வரை, சோதனைக்குப் போவதே குற்றத்தை ஒப்புக்கொள்வதாகத் தோன்றும். இந்தத் தேதியில் இன்னின்ன சோதனைகள் செய்தேன், முடிவு இது என்று பேசிப் பழகினால் இருவருக்கும் பாரம் குறையும்.

ஐந்தாம் நாள் சோதனையும் மூன்று நாள் மாத்திரையும்

நீங்கள் செய்த துரிதச் சோதனை பொய் சொல்லவில்லை. ஆனால் அது பதில் சொன்னது வேறொரு கேள்விக்கு. தொற்று உடலில் புகுந்த பிறகு, சோதனையில் தெரியும் அளவுக்கு அது வளரவோ, அதற்கு எதிரான எதிர்ப்பொருள்கள் உருவாகவோ சில நாட்கள் பிடிக்கும். இந்த இடைவெளியைச் சாளர காலம் என்கிறோம். ஐந்தாம் நாளில் கிடைத்த “இல்லை” என்ற முடிவு, அந்த உறவுக்கு முன்பிருந்த உங்கள் நிலையை மட்டுமே காட்டுகிறது. உங்கள் மண வாழ்க்கைக் காலத்திலிருந்து எச்.ஐ.வி. எதுவும் தொடரவில்லை என்று தெரிந்ததே, அது பயன்தான். மூன்று வாரங்களுக்கு முன் நடந்ததைப் பற்றி அது எதுவும் அறியாது.

ஒவ்வொரு தொற்றுக்கும் இந்த இடைவெளி வேறு. கிளமிடியாவுக்கும் கொனோரியாவுக்கும் இரண்டு வாரங்கள் கழித்துச் செய்தால் முடிவை நம்பலாம். எச்.ஐ.வி.யைப் பொறுத்தவரை, நரம்பிலிருந்து இரத்தம் எடுத்து ஆய்வகத்தில் ஆன்டிஜெனையும் எதிர்ப்பொருளையும் சேர்த்துப் பார்க்கும் நான்காம் தலைமுறைச் சோதனை 18 முதல் 45 நாட்களுக்குள் தொற்றைக் காட்டிவிடும். விரல் நுனி இரத்தத்தில் செய்யும் துரிதச் சோதனைக்கு 90 நாட்கள் வரை ஆகலாம். சிஃபிலிஸ் கிருமி புகுந்து புண் தோன்றவே 10 முதல் 90 நாட்கள் ஆகும் என்பதால், இரத்தச் சோதனையை மூன்று மாத முடிவில் இன்னொருமுறை செய்தால்தான் உறுதி. ஹெப்பாட்டைட்டிஸ் பி-க்கும் மூன்று மாதக் கணக்கே பாதுகாப்பானது.

ஆகவே உங்கள் அட்டவணை இப்படி அமையும். இரண்டு வாரங்கள் கடந்துவிட்டதால், கிளமிடியா, கொனோரியா, டிரைகோமோனியாசிஸ் சோதனைகளை இப்போதே செய்யலாம். அத்துடன் சிஃபிலிஸ், ஹெப்பாட்டைட்டிஸ் பி இரண்டுக்கும் தொடக்க நிலையைப் பதிவு செய்துகொள்ளுங்கள். 45 நாட்கள் முடிந்ததும் ஆய்வகத்தில் எச்.ஐ.வி. சோதனை. மூன்று மாதத்தில் சிஃபிலிஸும் ஹெப்பாட்டைட்டிஸ் பி-யும் மறுபடியும். இடையில் மீண்டும் ஒருமுறை ஆணுறையின்றி உறவு நேர்ந்தால் நாள் கணக்கு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். இந்த ஒரு விதியைத்தான் பெரும்பாலானோர் மறந்துவிடுகிறார்கள்.

மீந்த மாத்திரைகளை விழுங்கியதைப் பற்றிக் கோபித்துக்கொள்ள மாட்டேன். பயத்தில் கைக்கு எட்டியதை எடுப்பது மனித இயல்பு. ஆனால் அது உங்களைக் காக்கவில்லை. எந்த ஆன்டிபயாடிக்கும் எச்.ஐ.வி., ஹெர்ப்பீஸ், ஹெப்பாட்டைட்டிஸ் பி போன்ற வைரஸ்களைத் தொடாது. பாக்டீரியாவாக இருந்தாலும், மருந்தும் அளவும் நாட்களும் பொருந்தாவிட்டால் கிருமி சாகாமல் ஒடுங்கி, சோதனையில் அகப்படாமல் போகலாம்; கொனோரியா ஒவ்வொரு மருந்துக்கும் பழகிக்கொண்டு தப்பிவருவதற்கும் இத்தகைய அரைகுறைச் சிகிச்சை ஒரு காரணம். அந்த மாத்திரையின் பெயரை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சோதனையைச் சில வாரம் தள்ளிப்போடவோ மறுபடி செய்யவோ அவர் முடிவெடுப்பார். கருத்தடை மாத்திரையின் வேலையை அது கெடுத்திருக்குமோ என்ற கவலை வேண்டாம். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் வகை மருந்துகளைத் தவிர வழக்கமான ஆன்டிபயாடிக்குகள் அப்படிச் செய்வதில்லை.

இனி ஒருகால் இப்படி நேர்ந்து, எச்.ஐ.வி. அபாயம் உண்மையிலேயே இருப்பதாகத் தோன்றினால், அதற்கென்று தனி மருந்து இருக்கிறது. 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை முதல் நாளிலேயே தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். அந்த மணிக்கணக்குக்குள் போய்ச் சேர வேண்டிய இடம் மருத்துவமனை. வீட்டு மருந்துப் பெட்டியில் அது இருக்காது.

சோதனை அவருக்கு மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள்

உங்கள் கடிதத்தில் எனக்கு உடன்பாடில்லாத இடம் இதுதான். எச்.ஐ.வி. தவிர்த்த மற்ற எல்லாச் சோதனைகளும் அவருக்கு என்றும், நீங்கள் நான்கு ஆண்டுகள் தனியாக இருந்ததால் உங்களுக்குத் தேவையில்லை என்றும் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். மண வாழ்க்கையில் உங்களுக்குச் சோதனை எதுவும் செய்ததாகக் கடிதத்தில் இல்லை. சிஃபிலிஸ் வெளியே தெரியாமல் பல ஆண்டுகள் உறங்கும். முதலில் வரும் புண் வலிக்காது, மூன்று முதல் ஆறு வாரங்களில் தானே ஆறிவிடும், யோனியின் உட்பகுதியில் வந்தால் கண்ணிலேயே படாது. ஹெப்பாட்டைட்டிஸ் பி ஆண்டுக்கணக்கில் இருக்கக்கூடும். எச்.பி.வி. அடங்கிக் கிடந்து பின்னர் வெளிப்படும். திருமணம் ஆனவர் என்பதும் வெகுநாள் தனியாக இருந்தவர் என்பதும் ஒருவருடைய நடத்தையைப் பற்றிய செய்திகள். அவற்றைக் கொண்டு கிருமி இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

இருவரும் ஒரே பட்டியலோடு ஒரே நாளில் போவதே நல்லது. உங்களுக்குக் கிளமிடியா, கொனோரியா சோதனைக்கு யோனியிலிருந்து பஞ்சுக்குச்சியால் எடுத்த மாதிரி தேவை. பெரும்பாலான இடங்களில் அதைத் திரைக்குப் பின்னால் நீங்களே எடுத்துக் கொடுக்கலாம், முடிவின் தரம் குறையாது. வாய்வழி உறவோ ஆசனவாய்வழி உறவோ இருந்திருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். தொண்டையிலும் ஆசனவாயிலும் உள்ள கொனோரியாவும் கிளமிடியாவும் சிறுநீரில் தெரியா. அந்தந்த இடத்திலிருந்தே மாதிரி எடுக்க வேண்டும். மருத்துவர் இதைக் கேட்பது உங்கள் அந்தரங்கத்தைத் துருவுவதற்காக அல்ல, எந்த இடத்தில் தேடுவது என்று அறிவதற்காக.

எச்.பி.வி. என்ற வைரஸுக்கு ஆண்களிடம் செய்யும் வழக்கமான சோதனை கிடையாது. பாலுறவு வாழ்க்கை உள்ள பெரும்பாலானோரை அது எப்போதாவது தொடுகிறது. பெரும்பாலான தொற்றுகள் இரண்டு ஆண்டுகளுக்குள் தாமே மறைந்துவிடுகின்றன. மறையாமல் தங்கும் சில வகைகளே கருப்பை வாய்ப் புற்றுக்கு வழிவகுக்கின்றன. எனவே அவரிடம் அதைத் தேடுவதைவிட, உங்கள் வயதில் கருப்பை வாய்ப் பரிசோதனையைக் காலம் தவறாமல் செய்துகொள்வதுதான் உங்களைக் காக்கும். தடுப்பூசி இளவயதில் போட்டால் பலன் அதிகம். உங்கள் வயதில் எவ்வளவு பயன் என்று மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம். ஹெப்பாட்டைட்டிஸ் பி தடுப்பூசியைப் பற்றி இவ்வளவு யோசனை வேண்டாம். இருவரில் யாருக்குப் பாதுகாப்பு இல்லை என்று தெரிகிறதோ அவர் போட்டுக்கொள்ள வேண்டும். வழக்கமான முறையில் மூன்று தவணைகள், ஆறு மாதத்தில் முடிந்துவிடும்.

உதட்டுக் கொப்புளம்

அதைச் சூட்டுக் கொப்புளம் என்று விட்டுவிட்டது பிழை. உதட்டோரத்தில் முதலில் குறுகுறுப்பும் எரிச்சலும், பிறகு கொத்தாக நீர்க்கொப்புளங்கள், அப்புறம் பொருக்கு என்று ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால், அது பெரும்பாலும் ஹெர்ப்பீஸ் வைரஸின் முதல் வகை. பயப்படாதீர்கள். உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் அது இருக்கிறது, பலருக்குச் சிறுவயதிலேயே வந்திருக்கும்; உங்களுக்கே இருந்து தெரியாமலும் இருக்கலாம். ஆனால் வாய்வழி உறவின் மூலம் அது பிறப்புறுப்புக்கும் பரவும். குறுகுறுப்பு தொடங்கியதிலிருந்து பொருக்கு உதிர்ந்து தோல் சரியாகும்வரை முத்தமும் வாய்வழி உறவும் வேண்டாம். கொப்புளம் இல்லாத நாட்களிலும் சிறிதளவு பரவும் வாய்ப்பு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஹெர்ப்பீஸுக்கு இரத்தச் சோதனை செய்யலாமா என்று கேட்பீர்கள். அறிகுறி இல்லாதவர்களுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. தொற்று எந்த இடத்தில் இருக்கிறது, எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று அது சொல்லாது. சில வேளைகளில் இல்லாததை இருப்பதாகவும் காட்டிவிடும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு உறக்கம் கெட்டவர்களே அதிகம். புண் வரும்போது, வந்த ஓரிரு நாட்களுக்குள் அதன்மேல் பஞ்சுக்குச்சியால் ஒற்றியெடுத்துச் செய்யும் பி.சி.ஆர். சோதனைதான் பயனுள்ளது.

ஆணுறையைப் பற்றிச் சில நடைமுறைகள்

கருத்தடை மாத்திரை கர்ப்பத்தை மட்டுமே தடுக்கும். தொற்றுக்கு ஆணுறை அல்லது பெண்ணுறைதான் வழி. எச்.ஐ.வி., கொனோரியா, கிளமிடியா ஆகியவற்றை ஆணுறை மிக நன்றாகத் தடுக்கிறது. தோலோடு தோல் உரசுவதால் பரவும் சிஃபிலிஸ், ஹெர்ப்பீஸ், எச்.பி.வி. ஆகியவற்றை, உறை மூடாத பகுதியும் இருப்பதால், ஓரளவே தடுக்கும்.

உறை கிழிந்தது என்று என்னிடம் வருகிறவர்களிடம் விசாரித்தால், பாதிப் பேர் எண்ணெயோ பெட்ரோலியம் ஜெல்லியோ கைக்குக் கிடைத்த களிம்போ தடவியிருப்பார்கள். இரப்பர்ப் பாலில் செய்த உறை எண்ணெய் பட்டால் சில நிமிடங்களிலேயே வலுவிழக்கும். யோனியில் பூஞ்சைத் தொற்றுக்குப் போடும் சில களிம்புகளுக்கும் இந்தக் குணம் உண்டு. நீரையோ சிலிக்கோனையோ அடிப்படையாகக் கொண்ட வழுவழுப்புக் களிம்பையே பயன்படுத்த வேண்டும். மாதக்கணக்கில் பணப்பையில் நசுங்கிய உறை வேண்டாம்; காலாவதித் தேதியைப் பாருங்கள். பாதுகாப்புக்கு என்று இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவது உராய்வால் இரண்டையும் கிழிக்கக்கூடும். முதல் தொடுதலுக்கு முன்பே அணிய வேண்டும். தலைகீழாக வைத்துவிட்டால் திருப்பிப் போடாமல் புதிதாக ஒன்றை எடுக்க வேண்டும். வெளியே எடுக்கும்போது அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரப்பர் ஒவ்வாதவர்களுக்குப் பாலியூரிதேன் உறை உண்டு.

இன்னொன்று. ஆணுறையோடு என்று நீங்கள் தந்த சம்மதம், ஆணுறை இருக்கும்வரைக்கும்தான் சம்மதம். இடையில் சொல்லாமல் கழற்றுவதைச் சில நாடுகளின் சட்டங்கள் பாலியல் குற்றமாகவே பார்க்கின்றன. உங்கள் நண்பர் அப்படிச் செய்வார் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்கு இந்த உரிமை உண்டு என்பது தெரிந்திருக்க வேண்டும்.

கேட்பது சந்தேகமாகாதா?

“உங்களிடம் ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டால் சந்தேகம்தான். “நான் இந்த வாரம் சோதனைக்குப் போகிறேன், என் பட்டியல் இது, நீங்களும் வாருங்கள், இருவரும் முடிவை ஒன்றாகப் பார்ப்போம்” என்று சொன்னால் சந்தேகம் எங்கே இருக்கிறது? உங்களிலிருந்து தொடங்குங்கள். பேசுவதற்குப் படுக்கையறையோ, நெருக்கம் கூடிய நேரமோ ஏற்றதல்ல. அப்போது இருவருக்குமே நியாயம் பேசும் பொறுமை இருக்காது. பழைய உறவுகளின் கதையை முழுவதும் கேட்டு அறிய வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. கடைசியாக எப்போது சோதித்தார், என்னென்ன சோதித்தார், அதன்பின் வேறு யாருடனாவது உறவு இருந்ததா, இப்போது இருக்கிறதா என்ற நான்கு கேள்விகளே போதும். கடைசிக் கேள்வி சங்கடமானது. ஆனால் ஆணுறையை விடுவது என்ற முடிவே இருவரும் வேறு யாரோடும் உறவு கொள்வதில்லை என்ற உறுதியின்மேல்தான் நிற்கிறது. அதைக் கேட்காமல் மற்ற மூன்றுக்கும் பதில் வாங்கிப் பயனில்லை.

அறிக்கைகளைக் கைபேசியில் படமாக அனுப்பிக்கொள்ளாதீர்கள். பெயர், வயது, எண் எல்லாம் அதில் இருக்கும். படம் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. நேரில் காட்டுங்கள், அல்லது மருத்துவரிடம் ஒன்றாகப் போங்கள். உங்கள் முடிவை உங்கள் அனுமதியின்றி உறவினரிடமோ வேலையிடத்திலோ சொல்ல மருத்துவருக்கு உரிமை இல்லை. உங்கள் சம்மதம் இல்லாமல் உங்களைச் சோதிக்கவும் கூடாது. இந்த இரண்டும் அவருக்கும் பொருந்தும்: அவரை வற்புறுத்திச் சோதிக்க உங்களால் முடியாது, அவர் சோதிக்காதவரை விலகி நிற்கவோ ஆணுறையை வலியுறுத்தவோ உங்களால் முடியும். பயத்தால் தள்ளிப்போடுகிறார் என்றால் பொறுத்திருக்கலாம். சோதனையும் வேண்டாம், ஆணுறையும் வேண்டாம் என்பவராக இருந்தால், அங்கே மருத்துவம் பேசுவதற்கு ஒன்றுமில்லை. வேண்டாம் என்று நீங்கள் சொல்லிவிடலாம்.

ஏதாவது இருப்பதாக வந்தால்

கிளமிடியாவுக்கு வழக்கமாக ஏழு நாள் டாக்சிசைக்ளின். கொனோரியாவுக்கு ஓர் ஊசி. ஆரம்பநிலைச் சிஃபிலிஸுக்கு இன்றும் அந்தப் பழைய பெனிசிலின்தான், ஒரே தவணை. இருவரும் சேர்ந்து சிகிச்சை எடுத்து, ஊசி போட்ட நாளிலிருந்து அல்லது ஏழு நாள் மருந்து முடியும்வரை, ஒரு வாரம் உறவைத் தவிர்க்க வேண்டும். ஒருவர் மட்டும் எடுத்தால் தொற்று அவருக்கே திரும்பி வரும். மூன்று மாதம் கழித்து மறுசோதனை. கவனியாமல் விட்ட கிளமிடியா கருக்குழாயைத் தழும்பாக்கிக் குழந்தையின்மைக்கும் கருக்குழாயிலேயே கரு தங்குவதற்கும் காரணமாகலாம் என்பதால்தான் அறிகுறி இல்லாவிட்டாலும் தேடச் சொல்கிறேன். எச்.ஐ.வி. என்று வந்தாலும் வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை. தொடர் சிகிச்சையால் இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவர், உறவின் மூலம் அதை மற்றவருக்குத் தருவதில்லை. 2019-இல் வெளிவந்த பார்ட்னர் ஆய்வின் இரண்டாம் கட்டத்தில், ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. இருந்த ஆண் இணையர்களிடையே ஆணுறையின்றி நிகழ்ந்த 76,000-க்கும் மேற்பட்ட உறவுகளில், துணையிடமிருந்து தொற்று பரவியது ஒருமுறைகூட இல்லை.

முடிவு எதுவாக வந்தாலும், அதை வைத்து ஒருவர்மேல் ஒருவர் வழக்குத் தொடுக்காதீர்கள். நடப்புத் துணை துரோகம் செய்துவிட்டார் என்பதற்கு அது சான்றாகாது. கிளமிடியா ஓராண்டுக்கு மேலும் அமைதியாக இருக்கும். ஹெர்ப்பீஸின் முதல் கொப்புளம் தொற்றி ஆண்டுகள் கழித்தும் வரலாம். உறங்கும் சிஃபிலிஸைப் பற்றி மேலே சொன்னேன். யார் யாருக்குத் தந்தது என்று பெரும்பாலான வேளைகளில் மருத்துவராலும் சொல்ல முடியாது. பழைய துணைவர்களுக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தால், உங்கள் பெயரைச் சொல்லாமல் செய்தி சேர்க்கும் ஏற்பாடு பல மருத்துவமனைகளில் உண்டு.

ஆணுறை எத்தனை நாளுக்கு என்றால், கடைசியாக ஆணுறையின்றி நடந்த உறவிலிருந்து மூன்று மாதம் முடிந்து, இருவரின் இறுதிச் சோதனைகளும் வந்து, வேறு யாருடனும் உறவில்லை என்று இருவரும் சொல்லும் வரைக்கும். அதற்குள் புண், தடிப்பு, நிறம் மாறிய வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி, உறவுக்குப்பின் இரத்தக்கசிவு, காரணம் தெரியாத காய்ச்சல் இவற்றில் ஏதாவது வந்தால் அட்டவணைக்குக் காத்திருக்காமல் அன்றே போங்கள்.

உங்கள் நண்பரின் குச்சிப் பயத்துக்கு விடை சொல்லிவிடுகிறேன். முன்பு அப்படித்தான் செய்தார்கள், வலிக்கவும் வலித்தது. அவரிடம் சொன்னவர் பொய் சொல்லவில்லை. இப்போது ஆண்களுக்குச் சிறுநீரே போதும். ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழிக்காமல் இருந்துவிட்டு, வரும் முதல் 20 முதல் 30 மில்லிலிட்டரைக் குப்பியில் பிடிக்க வேண்டும். வழக்கமான சிறுநீர்ச் சோதனைக்குச் சொல்வதுபோல முதல் பகுதியை விட்டுவிட்டு நடுப்பகுதியைப் பிடித்தால், தேடுகிற கிருமி முதலிலேயே வெளியேறிவிட்டிருக்கும். இதை மட்டும் அவரிடம் இரண்டு முறை சொல்லி அனுப்புங்கள்.